குழாயின் வாயை வளைவாக வெட்ட எந்தக் கருவி?

கிராமத்தில் இன்று இரும்புக் குழாய் பயன்படாத இடம் அரிது. வயலின் வாயிற்கதவு, மாட்டுக் கொட்டகையின் கூரைச் சட்டம், தீவனத் தொட்டிக்கு முன்னுள்ள தடுப்பு, மேல்நிலைத் தொட்டியின் ஏணி, பள்ளிக்கூடத்து ஊஞ்சலின் கால்கள் ஆகிய அனைத்தும் குழாயினால் ஆகின்றன. முன்னர் மூங்கிலும் வேலமரமும் செய்துவந்த வேலையை இப்பொழுது குழாய் செய்கிறது. இதற்கேற்பக் களத்துமேட்டிலோ டிராக்டர் நிறுத்தும் கொட்டகையிலோ ஒரு பற்றவைப்பு இயந்திரத்தையும் ஒரு கை கிரைண்டரையும் வைத்துக்கொண்டு, சில்லறை வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் விவசாயிகளும் பெருகி வருகின்றனர். சில பஞ்சாயத்துகள் தமக்கென ஒரு சிறு பட்டறை அமைப்பதைப் பற்றியும் யோசிக்கின்றன. அத்தகையோர் கேட்கும் ஒரு கேள்விக்கு இக்கட்டுரையில் விடை கூற முற்படுகிறோம். ஓர் உருண்டைக் குழாயை மற்றோர் உருண்டைக் குழாயின் பக்கத்தில் பொருத்த வேண்டுமானால், அதன் நுனியைப் பிறை வடிவில் வெட்ட வேண்டும். அந்த வெட்டுக்கு எந்தக் கருவியை வாங்குவது?

இது சிறிய விஷயந்தானே என்று எண்ணலாகாது. சில காலத்திற்கு முன் ஓர் ஊரில் மாட்டுத் தொழுவத்தின் தடுப்பைக் காண நேர்ந்தது. காளை ஒன்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டு சாய்ந்தபோது குறுக்குக் குழாய் ஒன்று கம்பத்தைவிட்டு அப்படியே கழன்று விழுந்திருந்தது. நல்ல வேளையாக ஆளுக்கோ மாட்டுக்கோ காயம் இல்லை. விழுந்த குழாயின் நுனியை எடுத்துப் பார்த்தோம். அது நேராக, முறுக்குச் சீடையை நறுக்கியது போல, அறுக்கப்பட்டிருந்தது. நேராக அறுத்த வாயை ஓர் உருண்டைக் கம்பத்தின்மேல் வைத்தால் என்ன ஆகும்? நடுவில் மட்டுமே அது தொடும். ஓர் அங்குலக் குழாயாயின் இரு பக்கங்களிலும் உட்சுவரில் 7 மி.மீ. இடைவெளியும், வெளிச்சுவரில் ஏறக்குறைய 17 மி.மீ. இடைவெளியும் விழும். அந்த இடைவெளியில் பற்றவைப்புக் கம்பித் துண்டுகளைத் திணித்து, மேலே உருக்கி மூடிச் சாயமும் பூசியிருந்தார்கள். பார்வைக்கு நல்ல மூட்டு. உள்ளே பிடிப்பு என்பதே இல்லை. ஊஞ்சலில் இத்தகைய மூட்டு இருந்தால் அதில் ஆடுவது குழந்தை என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலில் குழாயை அறிவோம்

கருவியைத் தேர்வதற்கு முன் குழாயின் அளவை அறிவது அவசியம். இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகின்றனர். கடையில் ‘ஓர் அங்குலக் குழாய்’ என்று கேட்டு வாங்குவதன் வெளி விட்டம் ஓர் அங்குலம் அன்று. இந்தியத் தர நிர்ணய எண் 1239-இன்படி செய்யப்படும் குழாய்களுக்கு, கூறப்படும் அளவு உள் துவாரத்தைக் குறிக்கும் பெயர்தான். அதுவும் தோராயமானது. அரை அங்குலக் குழாயின் வெளி விட்டம் 21.3 மி.மீ.; முக்கால் அங்குலத்திற்கு 26.9, ஓர் அங்குலத்திற்கு 33.7, ஒன்றேகால் அங்குலத்திற்கு 42.4, ஒன்றரை அங்குலத்திற்கு 48.3, இரண்டு அங்குலத்திற்கு 60.3. வெட்டும் கருவியின் அளவு, எந்தக் குழாயின்மேல் உட்கார வேண்டுமோ அந்தக் குழாயின் வெளி விட்டத்திற்கு ஒத்திருக்க வேண்டும். இதை அறியாமல், ‘ஓர் அங்குலக் குழாய்தானே’ என்று 25 மி.மீ. ரம்பத்தை வாங்கி வந்து, அது எதற்கும் உதவாமல் ஆணியில் தொங்குவதைப் பல பட்டறைகளில் காணலாம்.

குழாயின் கனமும் முக்கியமானது. மெல்லிய வகைக்கு மஞ்சள் பட்டை, நடுத்தர வகைக்கு நீலப் பட்டை, கனத்த வகைக்குச் சிவப்புப் பட்டை என நிறம் தீட்டப்பட்டிருக்கும். ஓர் அங்குலக் குழாயில் நடுத்தர வகையின் சுவர் 3.2 மி.மீ. கனம் உள்ளது. மெல்லிய வகை ஏறக்குறைய 2.6 மி.மீ. கதவு, சன்னல் வேலைக்கென்று விற்கும் 1.6 மி.மீ. குழாய்களும் உண்டு, அவை மாடு சாயும் இடத்திற்கு ஏற்றவை அல்ல.

மற்றொன்றையும் இங்கே கூறிவிடுகிறோம். குழாய் உருண்டையாகத்தான் இருக்க வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சதுரக் குழாயை நேராக அறுத்து வைத்தாலே சதுரக் கம்பத்தின்மேல் ஒட்டி உட்காரும். வளைவு வெட்டே வேண்டியதில்லை. சாதாரண வாயிற்கதவுக்கும் கூரைச் சட்டத்திற்கும் சதுரமே சிக்கனம். மாடு உராயும் தடுப்பு, கை பிடித்து ஏறும் ஏணி, குழந்தைகள் விளையாடும் சாதனங்கள் ஆகியவற்றிற்கே உருண்டைக் குழாய் சிறந்தது. மூலை விளிம்பு இல்லாமையால் தோல் கிழிவதில்லை. ஆண்டிற்கு ஒருமுறை ஓர் ஏணியும் ஒரு தடுப்பும் செய்பவர், இக்கட்டுரையின் அடுத்த பகுதியில் கூறப்படும் வாளோடும் அரத்தோடும் நின்றுவிடலாம்.

வாளும் அரமும்

மின்சாரம் வேண்டாத முறை இது. ஓர் இரும்பறுக்கும் வாள், ஓர் அரைவட்ட அரம், குழாயை அசையாமல் பிடிக்க ஒரு வைஸ் ஆகியவை இருந்தால் போதும். வாளின் பற்களில் ஒரே சமயத்தில் மூன்றேனும் குழாயின் சுவரில் பதிய வேண்டும் என்பது பழைய விதி. ஆகவே 3 மி.மீ. சுவருக்கு அங்குலத்திற்கு 24 பல்லும், 2 மி.மீ. சுவருக்கும் அதற்கு மெல்லியதற்கும் 32 பல்லும் உள்ள பிளேடு தேவை. 18 பல் பிளேடு குழாயில் மாட்டிக்கொண்டு பல் உதிரும். அரம் வாங்கும்போது அதன் வளைவு, உட்கார வேண்டிய குழாயின் வளைவைவிடச் சிறியதாய் இருக்கிறதா என்று குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று பார்த்து வாங்குக. வளைவு பெரிதாயின் பிறையின் அடியை அரம் எட்டாது.

இம்முறையில் ஒரு நுனிக்குப் பழகிய கையாலும் கால் மணி நேரம் ஆகும். ஆனால் வெட்ட வேண்டிய வடிவத்தை முன்கூட்டியே குழாயின்மேல் வரைந்துகொண்டால், கண்ணால் பார்த்துப் பார்த்து அராவும் நேரம் பாதியாகக் குறையும். அந்த வரைபடத்தை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகவே கூறுவோம். ஏனெனில் எந்தக் கருவியை வாங்கினாலும், வாங்காவிட்டாலும், இது பயன்படும்.

ஓர் அங்குல நடுத்தரக் குழாய், அதே அளவுக் குழாயின்மேல் செங்குத்தாக உட்கார வேண்டும் என்று கொள்வோம். குழாயைச் சுற்றி வர 106 மி.மீ. நீளமுள்ள ஒரு காகிதப் பட்டையை நறுக்கிக்கொள்க. அதைச் சரிசமமாக 12 பங்காக்கிக் கோடு இடுக. மடித்து மடித்துப் பங்கிடலாம். பட்டையின் மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கோட்டிலும் கீழ்நோக்கி அளந்து புள்ளியிட வேண்டும். முதற்கோட்டில் 0, இரண்டாவதில் 2 மி.மீ., மூன்றாவதில் 5½, நான்காவதில் 7, ஐந்தாவதில் 5½, ஆறாவதில் 2, ஏழாவதில் மீண்டும் 0. பின்னர் அதே வரிசை மறுபடியும்: 2, 5½, 7, 5½, 2, கடைசியில் 0. புள்ளிகளை வளைவாக இணைத்தால் இரண்டு அலைகள் தோன்றும். அக்கோட்டின் வழியே கத்தரித்து, நேராக அறுத்த குழாய் நுனியில் பட்டையின் உச்சிகள் நுனியோடு பொருந்துமாறு சுற்றி, சுண்ணக்கட்டியாலோ ஊசியாலோ வரைந்துகொள்க. அலையின் பள்ளங்களில் வெட்ட வேண்டும். உச்சிகள் இரண்டும் கம்பத்தை இரு பக்கமும் தழுவிக்கொள்ளும்.

இந்த அளவுகள் குழாயின் உட்சுவர் கம்பத்தைத் தொடும்படி கணக்கிடப்பட்டவை. வெளிச்சுவரில், உச்சிகளின் பக்கம், ஏறக்குறைய இரண்டரை மி.மீ. வாய் திறந்து நிற்கும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம். உருகிய உலோகம் உள்ளே இறங்கிப் பற்றுவதற்கு அதுவே வழி. காகிதப் பட்டையை ஒருமுறை தகரத்தில் வெட்டி வைத்துக்கொண்டால் பல ஆண்டுகள் உழைக்கும்.

நீளக் கணக்கில் தவறாதிருக்க ஒரு குறிப்பு. இரண்டு கம்பங்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை அளந்து, அதனோடு ஒவ்வொரு நுனிக்கும் 7 மி.மீ., ஆக 14 மி.மீ. கூட்டிக் குழாயை அறுக்க வேண்டும். வெற்றிட அளவுக்கே அறுத்துவிட்டுப் பிறகு பிறை வெட்டினால் குழாய் குட்டையாகிவிடும். அந்தக் குட்டைக் குழாய்தான் கம்பித் துண்டுகளைத் திணிக்கும் வழக்கத்திற்குத் தாய்.

கை கிரைண்டர்

மின் இணைப்புள்ள பட்டறையில் நான்கு அங்குலக் கை கிரைண்டர் ஏற்கெனவே இருக்கும். மேற்கூறிய வரைபடத்தின்படி வெட்டும் தட்டால் பள்ளத்தை எடுத்து, தேய்க்கும் தட்டால் சீர் செய்தால் ஒரு நுனி ஐந்து நிமிடத்தில் முடியும். எந்த அளவுக் குழாய்க்கும், சாய்வாகச் சேரும் மூட்டுக்கும் இது ஒன்றே போதும். வீட்டுப் பட்டறைக்கு எமது முதற்பரிந்துரை இதுவே. இதற்கென்று புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டுமா!

ஆனால் இக்கருவியிடம் எச்சரிக்கை வேண்டும். நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்திற்குப் பதினோராயிரம் சுற்று அளவில் ஓடுவது. அதற்குரிய 100 மி.மீ. தட்டு 15,000 சுற்றுக்குமேல் தாங்கும்படி செய்யப்பட்டது. காப்பு மூடியைக் கழற்றிவிட்டு, ‘ஆழமாக வெட்டும்’ என்று ஏழு அங்குலத் தட்டைச் சிலர் மாட்டுகிறார்கள். அந்தத் தட்டு தாங்கக்கூடியது 8,500 சுற்றே. அது வெடித்தால் துண்டு எங்கே பாயும் என்று யாரும் கூற இயலாது. மரம் அறுக்கும் பல் தட்டையும் இதில் மாட்டலாகாது. தட்டின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அது கடந்த தட்டும், மழையில் நனைந்த தட்டும் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கண்ணாடி அணியாமல் இதைத் தொடவே கூடாது.

வட்ட ரம்பமும் அதன் சட்டமும்

ஒரே அளவுக் குழாயில் நாள்தோறும் பத்து இருபது மூட்டுகள் செய்பவர்க்கு வட்ட ரம்பம் ஏற்றது. இது கிண்ணம் போன்ற வடிவில், விளிம்பில் பற்களோடு இருக்கும். கடைகளில் ‘ஹோல் சா’ என்பர். கதவில் பூட்டுக்குத் துளையிடப் பயன்படுவதுதான். குழாயைப் பிடிக்கும் ஒரு கவ்வியும், ரம்பத்தின் தண்டைத் தாங்கும் ஓர் உருளையும், சாய்வைக் காட்டும் பாகைக் கோடுகளும் சேர்ந்த ஒரு சட்டம் தனியே விற்கப்படுகிறது. அதை மேசையில் முடுக்கி, கை டிரில்லால் தண்டைச் சுழற்றினால், ரம்பம் குழாயின் நுனியைக் குறுக்கே கடந்து பிறையாக வெட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு நுனி முடியும்; ஒவ்வொன்றும் மற்றதைப் போலவே இருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 21.3 மி.மீ. குழாய்க்கு 22 மி.மீ. ரம்பமும், 26.9-க்கு 27-உம், 33.7-க்கு 35-உம், 42.4-க்கு 43-உம், 48.3-க்கு 48-உம், 60.3-க்கு 60-உம் பொருந்தும். ஈருலோக ரம்பமே வாங்குக. மரத்திற்கென்று தகட்டில் செய்த மலிவு ரம்பம் இரும்பில் ஒரு சுற்றுக்கூடத் தாங்காது. 32 மி.மீ. முதல் மேற்பட்ட ரம்பங்களுக்கு மரை ⅝ அங்குலம், அங்குலத்திற்கு 18 மரை, 30 மி.மீ. வரையுள்ளவற்றிற்கு அரை அங்குலம், 20 மரை. சட்டத்தின் தண்டில் எந்த மரை இருக்கிறது, மற்றதற்கு இணைப்புத் துண்டு தருகிறார்களா என்று கேட்டறிய வேண்டும். தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் வாங்க வேண்டாம். ஆடும் தண்டில் ரம்பத்தின் பற்கள் ஒவ்வொன்றாக உதிரும்.

வேகந்தான் இதில் முக்கியம். 35 மி.மீ. ரம்பம் மெல்லிரும்பில் நிமிடத்திற்கு 230 சுற்று அளவிலும், 60 மி.மீ. ரம்பம் 140 சுற்று அளவிலும் ஓட வேண்டும். சுவரில் துளையிடும் சிறிய கை டிரில் நிமிடத்திற்கு இரண்டாயிரத்துக்கும் மேல் சுற்றுவது. அதில் மாட்டினால் முதற் குழாயிலேயே பற்கள் நீலம் பாய்ந்து மழுங்கும். வேகத்தைக் குறைக்கும் அமைப்புள்ள, பின்பிடியும் பக்கப்பிடியும் உள்ள கனத்த டிரில் வேண்டும். ரம்பம் குழாயில் மாட்டிக்கொண்டால் டிரில் மணிக்கட்டைத் திருகிவிடும். பக்கப்பிடி இல்லாமல் பிடிப்பது ஆபத்து. தூண் டிரில்லிங் இயந்திரம் உள்ள பட்டறையில், பட்டைகளை மாற்றி மிகக் குறைந்த வேகத்தில் வைத்து அதிலேயே வெட்டலாம். ஆனால் ரம்பத்தின் நடுவும் குழாயின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மி.மீ. விலகினாலும் பிறையின் ஒரு கொம்பு நீண்டு, மூட்டு ஒருக்களித்து நிற்கும். வெட்டும்போது எண்ணெய் சொட்டு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதன் குறையையும் மறைக்க வேண்டாம். ரம்பத்தின் ஆழம் ஒன்றரை அங்குலம் அளவே. ஆகவே பெரிய குழாயைச் சாய்வாக வெட்டும்போது ரம்பத்தின் அடி குழாயில் முட்டி நிற்கும். ரம்பம் வெட்டிய பிறையின் கொம்புகள் கத்தி முனைபோல் மெலிந்திருக்கும். அவற்றை அப்படியே பற்றவைத்தால் உருகி ஓட்டை விழும். ஆகவே கொம்பின் முனையைத் தேய்த்து முழுக் கனம் வரும்வரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

அறுக்கும் இயந்திரத்திலேயே ஒரு வழி

14 அங்குலத் தட்டுள்ள அறுக்கும் இயந்திரம் பல பட்டறைகளில் உண்டு. சம அளவுள்ள இரு குழாய்கள் செங்குத்தாகச் சேரும் மூட்டுக்கு, அதைக்கொண்டே வளைவு வெட்டுக்கு நிகரான வெட்டை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. குழாய் நுனியை முதலில் நேராக அறுத்துக்கொள்க. பின் இயந்திரத்தின் கவ்வியை நேர் நிலையிலிருந்து 27 பாகை திருப்பி, வாயின் நடுக்கோட்டில் தொடங்கி ஒரு பக்கம் சாய்வாக அறுக்க வேண்டும். குழாயை அரைச்சுற்று உருட்டி, மறுபக்கத்தையும் அவ்வாறே அறுக்க வேண்டும். நுனி ஓட்டுக்கூரையின் இரு சாய்வுபோல் ஆகும். உச்சியில் எதிரெதிராக இரு முனைகள் நிற்கும். அவை கம்பத்தைக் கவ்விக்கொள்ளும். உட்சுவரில் எங்கும் ஒன்றரை மி.மீ.க்குக் குறைந்த இடைவெளியே விழும். மெல்லிய வகைக் குழாய்க்கு 29 பாகை சரியாக வரும். சம அளவில்லாத குழாய்களுக்கு இது பொருந்தாது. நாள்தோறும் கதவு செய்யும் பட்டறையில் இம்முறையே வேகமானது எனலாம்.

அச்சில் அழுத்தி வெட்டும் நெம்புகோல் கருவியும், மணற்பட்டை சுழன்று தேய்க்கும் இயந்திரமும் பெரிய தொழிற்கூடங்களில் உள்ளன. முன்னதற்கு ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். மெல்லிய குழாயை நசுக்கவும் செய்யும். பின்னது விலை மிகுந்தது. கிராமப் பட்டறைக்கு இவ்விரண்டும் இப்போது வேண்டா.

துத்தநாகம் பூசிய குழாய்

குடிநீருக்கென வாங்கி மிஞ்சிய வெண்ணிறக் குழாய்களைத் தடுப்புக்கும் ஏணிக்கும் பயன்படுத்துவது நமது ஊர்களில் வழக்கம். அவற்றின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு, பற்றவைக்கும் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவர்க்கு மாலையிலோ இரவிலோ குளிரும் காய்ச்சலும் உடல் நோவும் வரும், மறுநாள் தணியும். பால் குடித்துவிட்டால் போதும் என்பது பட்டறைகளில் வழங்கும் நம்பிக்கை. பால் நல்ல உணவு. ஆனால் நெஞ்சுக்குள் போகும் புகையை அது தடுக்காது. பிறை வெட்டியதும் மூட்டைச் சுற்றி ஓர் அங்குல அகலத்திற்கு, உள்ளும் புறமும், பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து விலக்கிச் செல்லாமல் பக்கவாட்டில் புகையை இழுத்துச் செல்லும்படி நின்று பற்றவைக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தில் துத்தநாகச் சாயம் பூசாவிட்டால் முதல் மழையிலேயே துரு பிடிக்கும்.

பஞ்சாயத்து வாங்குவதானால்

பொதுப் பட்டறைக்குக் கருவி வாங்கும் பஞ்சாயத்தார், விலைப்புள்ளி கேட்கும்போது ‘குழாய் வெட்டும் கருவி ஒன்று’ என்று மட்டும் எழுதினால், எது மலிவோ அதுவே வந்து சேரும். ஊரில் அதிகமாய்ப் பயன்படும் குழாயின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து, அந்த எண்ணையே எழுதுக. 14 அங்குல அறுக்கும் இயந்திரம் ஒன்று, காப்பு மூடியோடு கூடிய நான்கு அங்குலக் கிரைண்டர் ஒன்று, 12 அங்குல அரைவட்ட அரம் ஒன்று, ஆறு அங்குல வைஸ் ஒன்று ஆகியவை முதலில் போதும். அறுக்கும் இயந்திரம் இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் இழுப்பது. அதற்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் இணைப்பும், நில இணைப்பும் தேவை. இவற்றின் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்ட ரம்பச் சட்டத்தை ஓராண்டு கழித்து, எந்த அளவில் எத்தனை மூட்டுகள் செய்யப்பட்டன என்ற கணக்கைப் பார்த்த பின் வாங்கலாம்.

வேலையை வெளிப்பட்டறைக்கு ஒப்படைப்பவர்கள், சாயம் பூசும் முன் ஒருமுறையும், பற்றவைக்கும் முன் ஒருமுறையும் சென்று பார்க்க வேண்டும். பற்றவைக்கும் முன் குறுக்குக் குழாயைக் கம்பத்தின்மேல் வைத்து, பின்னால் கை விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் எங்கெங்கே ஊடுருவுகிறது என்று தெரிந்துவிடும். 12-ஆம் எண் பற்றவைப்புக் கம்பியின் உட்கம்பி உட்சுவரின் இடைவெளியில் நுழையுமானால், அந்தக் குழாயைத் திரும்ப வெட்டி வரச் சொல்லலாம்.